சாட்சிக்கு முன்னால் பேசும் முகம்

அமெரிக்கக் குற்ற வழக்குகளில் ஒருவரின் நிறமும் தோற்றமும் ஜூரியின் தீர்ப்பை எப்படித் திருப்புகின்றன? சட்டம் ஏன் அதைப் பிடிக்கத் தவறுகிறது?

மிசிசிப்பி மாநிலத்தில் வினோனா என்றொரு சிற்றூர். 1996 ஜூலையில் ஒரு காலை, அங்கிருந்த மரச்சாமான் கடைக்குள் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கடையில் சில நாள்கள் மட்டும் வேலை பார்த்திருந்த கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பின இளைஞர் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கைதானார். அதற்கு முன் அவர் மீது எந்தக் குற்றப் பதிவும் இல்லை. அந்த ஒரு சம்பவத்துக்காக அவர் ஆறு முறை விசாரணைக் கூண்டில் நிறுத்தப்பட்டார். ஆறு முறையும் அரசுத் தரப்பில் வாதாடியவர் ஒரே ஆள், மாவட்ட அரசு வழக்கறிஞர் டக் எவன்ஸ்.

முதல் விசாரணையில் 12 ஜூரர்களும் வெள்ளையர்கள். தீர்ப்பு மரண தண்டனை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 11 வெள்ளையர்கள், ஒரு கறுப்பினத்தவர். இரண்டிலும் மரண தண்டனை. அரசு வழக்கறிஞரின் முறைகேடுகளைக் காரணம் காட்டி முதல் இரண்டு தீர்ப்புகளையும், ஜூரித் தேர்வில் நடந்த இனப் பாகுபாட்டைக் காரணம் காட்டி மூன்றாவதையும் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நான்காவது ஜூரியில் 7 வெள்ளையர்கள், 5 கறுப்பினத்தவர்கள். ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. ஐந்தாவதில் 9 வெள்ளையர்கள், 3 கறுப்பினத்தவர்கள். அதுவும் முடிவின்றிக் கலைந்தது. 2010-இல் நடந்த ஆறாவது விசாரணையில் மறுபடியும் 11 வெள்ளையர்கள், ஒரே ஒரு கறுப்பினத்தவர். மறுபடியும் மரண தண்டனை.

ஜூரியில் கறுப்பினத்தவர் ஒருவர் இருந்தபோதும், ஒருவருமே இல்லாதபோதும் மரண தண்டனை. மூன்று பேரோ ஐந்து பேரோ இருந்தபோது முடிவே இல்லை. ஆறு விசாரணைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், இவ்வளவு சீராக முடிவோடு சேர்ந்து நகர்ந்த வேறொன்றைக் கண்டுபிடிப்பது கடினம்.

2019-இல் இந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதிகள் கணக்குப் பார்த்தார்கள். ஆறு விசாரணைகளிலும் சேர்த்து, அரசுத் தரப்பு விலக்கியிருக்கக்கூடிய கறுப்பின ஜூரர்கள் 42 பேர். அதில் 41 பேரை விலக்கியிருந்தார்கள். ஆறாவது விசாரணையில், விலக்கப்பட்ட ஐந்து கறுப்பினத்தவரிடம் அரசுத் தரப்பு கேட்ட கேள்விகள் மொத்தம் 145. ஜூரியில் அமர்த்தப்பட்ட 11 வெள்ளையர்களிடம் கேட்டவை வெறும் 12. ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2020 செப்டம்பரில் குற்றச்சாட்டுகள் முழுமையாகக் கைவிடப்பட்டன. அதற்குள் ஃபிளவர்ஸ் ஏறக்குறைய 23 ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார்.

இதை ஒரு கெட்ட வழக்கறிஞரின் கதையாக மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். மீதிப் பாதி, நல்லெண்ணம் கொண்ட சாதாரண மனிதர்கள் பன்னிரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து மனசாட்சிப்படி முடிவெடுக்கும்போது என்ன நடக்கிறது என்பது.

காரணம் சொல்ல வேண்டாத உரிமை

இந்தியாவில் ஜூரி முறை வழக்கொழிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் 1945-இல் குற்றவாளிகள் என்று முடிவு சொன்னது ஒரு ஜூரிதான் என்பதை இன்று நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. அமெரிக்காவில் ஜூரி இன்றும் குற்றவியல் நீதியின் நடுத்தூண். நீதிபதி சட்டத்தை எடுத்துச் சொல்வார். குற்றவாளியா இல்லையா என்பதை ஊர் மக்களிலிருந்து எடுக்கப்பட்ட ஜூரர்கள் சொல்வார்கள். மரண தண்டனை கேட்கப்படும் வழக்குகளில் பெரும்பாலும் உயிரும் அவர்கள் கையில்தான்.

வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமப் பட்டியல் போன்றவற்றிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்கள் எடுக்கப்படும். அழைக்கப்பட்டவர்களிடம் நீதிபதியும் இரு தரப்பு வழக்கறிஞர்களும் கேள்வி கேட்பார்கள். நடுநிலையாக இருக்க முடியாது என்று தெரிந்தால் ஒருவரைக் காரணம் காட்டி விலக்கலாம். இதற்கு மேல் ஒவ்வொரு தரப்புக்கும், குறிப்பிட்ட எண்ணிக்கை வரை எந்தக் காரணமும் சொல்லாமலே ஆட்களை விலக்கும் உரிமையும் உண்டு. ஓரவஞ்சனை உள்ளே நுழையும் வாசல் அதுதான்.

கறுப்பினத்தவர்களை ஜூரியில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் போடுவது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1880-லேயே சொல்லிவிட்டது. ஆனால் தெற்கு மாநிலங்களில் அந்தத் தீர்ப்பு ஏட்டோடு நின்றது. 1955-இல் மிசிசிப்பியில் எம்மட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். ஒரு வெள்ளைப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டான் என்பது சொல்லப்பட்ட காரணம். வழக்கு நடந்த டல்லஹாச்சி மாவட்டத்தில் மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். அவர்களில் ஒருவர்கூட வாக்காளராகப் பதிவு செய்ய முடியாத நிலை. வாக்காளர் இல்லையென்றால் ஜூரரும் இல்லை. 12 வெள்ளை ஆண்கள் 67 நிமிடங்களில் குற்றம்சாட்டப்பட்ட இருவரையும் விடுதலை செய்தார்கள். அடுத்த ஜனவரியிலேயே, ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு, கொன்றது நாங்கள்தான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒரே குற்றத்துக்கு இரு முறை விசாரிக்க முடியாது என்ற விதி அவர்களைக் காப்பாற்றியது.

வாக்குரிமைச் சட்டங்கள் வந்த பிறகு கறுப்பினத்தவர்களின் பெயர்கள் பட்டியலில் ஏறின. உடனே, காரணமின்றி விலக்கும் உரிமை புதிய தடையானது. 1986-இல் பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட முயன்றது. கென்டக்கி மாநிலத்தில் ஜேம்ஸ் பேட்சன் என்ற கறுப்பினத்தவரின் விசாரணையில், பட்டியலில் இருந்த நான்கு கறுப்பினத்தவரையும் அரசு வழக்கறிஞர் விலக்கியிருந்தார். இனத்தின் அடிப்படையில் விலக்குவது அரசமைப்புக்கு எதிரானது, சந்தேகம் எழுந்தால் விலக்கியவர் இனம் சாராத ஒரு காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் அந்தத் தீர்ப்பை ஆதரித்தார். ஆனாலும் தனியாக ஓர் எச்சரிக்கையும் எழுதி வைத்தார்: காரணம் கண்டுபிடித்துச் சொல்வது எவருக்கும் எளிது, இந்த உரிமையையே அடியோடு எடுத்தால்தான் பாகுபாடு ஒழியும் என்பது அதன் சாரம்.

மார்ஷல் சொன்னது நடந்தது. தூங்கி வழிந்தார், கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, வயது குறைவு, உறவினர் ஒருவர் சிறையில் இருக்கிறார், குற்றம் மலிந்த பகுதியில் குடியிருக்கிறார் என்று ஆயிரம் காரணங்கள் அடுக்கப்பட்டன. ஜார்ஜியாவில் திமோத்தி ஃபாஸ்டர் என்பவருக்கு முழுக்க வெள்ளையர்களால் ஆன ஜூரி 1987-இல் மரண தண்டனை விதித்தது. அரசுத் தரப்பு அப்போதும் இனம் சாராத காரணங்களைத்தான் சொன்னது. பல ஆண்டுகள் கழித்து, தகவல் பெறும் சட்டத்தின் வழியாக அவர்களுடைய கோப்பு வெளியே வந்தது. பட்டியலில் கறுப்பினத்தவர் பெயர்கள் எல்லாம் பச்சை மையால் தீட்டப்பட்டிருந்தன. அருகிலேயே அவர்கள் கறுப்பினத்தவர் என்பதற்கான எழுத்துக் குறியும் இருந்தது. வேறு வழியே இல்லாமல் ஒரு கறுப்பினத்தவரை ஏற்க நேர்ந்தால் யாரை ஏற்கலாம் என்ற ஒப்பீடும் அதில் இருந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. இப்படிக் கைப்பட எழுதி வைத்த சான்று எத்தனை வழக்குகளில் கிடைக்கும்?

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. சாமுவேல் சோமர்ஸ், மைக்கேல் நார்ட்டன் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் தங்களை அரசு வழக்கறிஞராகப் பாவித்துக்கொண்டு, இரண்டு ஜூரர்களில் ஒருவரை விலக்க வேண்டும். ஒருவர், காவல்துறை முறைகேடுகளைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர். மற்றவர், புள்ளிவிவரங்களை எளிதில் நம்பாத நிறுவன அதிகாரி. இருவரில் யாருக்குக் கறுப்பினத்தவர் படத்தை இணைத்தார்களோ, அவர் விலக்கப்படும் வாய்ப்பு கூடியது. காரணம் கேட்டபோது நிறத்தைச் சொன்னவர்கள் அரிது. பத்திரிகையாளர் கறுப்பினத்தவர் என்றால் காவல்துறை பற்றிய எழுத்து காரணமாயிற்று. அதிகாரி கறுப்பினத்தவர் என்றால் புள்ளிவிவரம் மீதான அவநம்பிக்கை காரணமாயிற்று. சொன்னவர்கள் பொய் சொல்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. முடிவு முதலில் வந்துவிடுகிறது. காரணம் பின்னால் வந்து சேர்கிறது. உள்நோக்கம் இருந்ததா என்று மட்டும் கேட்கும் சட்டத்தால் இதைப் பிடிக்கவே முடியாது.

முகத்துக்கு விழும் தண்டனை

நிறம் என்பது இருக்கிறது, இல்லை என்ற இரண்டு கட்டங்களில் அடங்கிவிடுவதில்லை. ஒரே இனத்துக்குள்ளும் முகத்துக்கு முகம் விலை மாறுகிறது என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜெனிஃபர் எபர்ஹார்ட் குழுவினர் 2006-இல் காட்டினார்கள். பிலடெல்பியாவில் 1979 முதல் 1999 வரை மரண தண்டனைக்கு உரியவையாக விசாரிக்கப்பட்ட கொலை வழக்குகளை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளையரைக் கொன்றதாகத் தண்டனை பெற்ற 44 கறுப்பின ஆண்களின் படங்கள் மாணவர்களுக்குக் காட்டப்பட்டன. இவர்கள் குற்றவாளிகள் என்பது மாணவர்களுக்குத் தெரியாது. கறுப்பினத்தவருக்கே உரியவை என்று பொதுப்புத்தி நினைக்கும் முக அமைப்பு, அதாவது தடித்த உதடு, அகன்ற மூக்கு, கருத்த தோல் போன்றவை, யாரிடம் எவ்வளவு தெரிகிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள்.

குற்றத்தின் கொடூரம், குற்றவாளியின் பொருளாதார நிலை, அவர் பார்க்க நன்றாக இருக்கிறாரா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் முடிவு அதிர வைத்தது. அந்த அமைப்பு குறைவாகத் தெரிந்தவர்களில் 24.4 சதவீதம் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அதிகமாகத் தெரிந்தவர்களில் 57.5 சதவீதம் பேருக்கு. கொல்லப்பட்டவரும் கறுப்பினத்தவராக இருந்த வழக்குகளில் இந்த வேறுபாடு காணாமல் போனது. செத்தவரின் நிறமும் நிற்பவரின் முகமும் சேர்ந்தே தண்டனையை எடை போட்டிருக்கின்றன.

நிறத்தைத் தாண்டியும் முகம் பேசுகிறது. ஒரு முகத்தை நம்பலாமா என்ற எண்ணம் மனதில் உருவாகப் பத்தில் ஒரு விநாடியே போதும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் எழுதினார்கள். அந்தக் கணநேர எண்ணம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2015-இல் ஜான் பால் வில்சன், நிக்கோலஸ் ரூல் ஆகியோரின் ஆய்வு காட்டியது. ஃபுளோரிடாவில் கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்ற 371 பேரின் படங்களையும், அதே குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்ற 371 பேரின் படங்களையும், எதுவும் தெரியாத பொதுமக்களிடம் காட்டி நம்பகத்தன்மைக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். மரண தண்டனை பெற்றவர்களின் முகங்களுக்குக் குறைவான மதிப்பெண்கள் விழுந்தன. பிற்பாடு நிரபராதிகள் என்று விடுவிக்கப்பட்டவர்களின் படங்களை வைத்துப் பார்த்தபோதும் அதே வடிவம்தான் தெரிந்தது. குற்றமே செய்யாதவர்களின் முகங்களில் குற்றத்தின் சுவடு இருக்க வழியில்லை. பார்ப்பவர் மனதிலிருந்துதான் அது வந்திருக்க வேண்டும்.

அழகும் கணக்கில் சேர்கிறது. 1975-இல் ஹெரால்ட் சிகால், நான்சி ஆஸ்ட்ரோவ் நடத்திய சோதனையில், திருட்டுக் குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்ட பெண் அழகாக இருந்தால் குறைந்த தண்டனை பரிந்துரைக்கப்பட்டது. அதே பெண் தன் தோற்றத்தைப் பயன்படுத்தி ஒருவரை ஏமாற்றிப் பணம் பறித்ததாகச் சொன்னபோது அந்தச் சலுகை மறைந்துபோனது. 2010-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, உணர்வின் வழி முடிவெடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் அழகு குறைந்தவர்களுக்குச் சராசரியாக 22 மாதங்கள் கூடுதல் தண்டனை பரிந்துரைத்ததைக் கண்டது.

தோற்றத்தின் இந்த வலிமையைச் சட்டம் ஓரளவு அறிந்தே இருக்கிறது. குற்றம்சாட்டப்பட்டவரைச் சிறை உடையோடு ஜூரியின் முன் நிற்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1976-லும், தண்டனையை முடிவு செய்யும் கட்டத்திலும் தகுந்த காரணமின்றி விலங்கு தெரிய உட்கார வைக்கக் கூடாது என்று 2005-லும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடையை மாற்றலாம், விலங்கைக் கழற்றலாம். முகத்தை எங்கே கழற்றி வைப்பது?

எண்கள் போதாது என்ற தீர்ப்பு

இவ்வளவு ஆய்வுகளையும் நீதிமன்றத்தின் முன் வைத்தால் என்ன ஆகும்? 1987-இலேயே அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஜார்ஜியாவில் ஒரு வெள்ளைக் காவலரைக் கொன்றதாக மரண தண்டனை பெற்ற வாரன் மெக்லெஸ்கி என்ற கறுப்பினத்தவர், பேராசிரியர் டேவிட் பால்டஸ் குழுவினரின் ஆய்வை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 1970-களில் அந்த மாநிலத்தில் நடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை அலசிய ஆய்வு அது. மற்ற காரணிகளைக் கழித்த பிறகும், வெள்ளையரைக் கொன்றவர் மரண தண்டனை பெறும் சாத்தியம், கறுப்பினத்தவரைக் கொன்றவருக்கு உள்ளதைப்போல 4.3 மடங்கு.

இந்தக் கணக்கைச் சரியென்றே வைத்துக்கொண்டாலும் அது போதாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் சொன்னது. மெக்லெஸ்கியின் வழக்கில், குறிப்பிட்ட ஒருவர், குறிப்பிட்ட நோக்கத்தோடு பாகுபாடு காட்டினார் என்று நிரூபிக்க வேண்டும் என்றது. 1991-இல் மெக்லெஸ்கி மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், ஓய்வு பெற்ற பிறகு, எந்த வழக்கிலாவது வாக்கை மாற்ற விரும்புவீர்களா என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் கேட்டபோது, மெக்லெஸ்கி வழக்கைத்தான் குறிப்பிட்டார். பேட்சன் தீர்ப்பை எழுதியவரும் இதே பவல்தான்.

இரண்டு தீர்ப்புகளும் ஒரே நம்பிக்கையின் மீது எழுந்தவை. பாகுபாட்டுக்குப் பின்னால் அதை விரும்பிச் செய்த ஒருவர் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை தவறு என்பதே கடந்த அரை நூற்றாண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது.

பூட்டிய அறைக்குள்

ஜூரியின் விவாதம் ரகசியம். உள்ளே நடந்ததை வைத்துத் தீர்ப்பைப் பிற்பாடு கேள்வி கேட்கக் கூடாது என்பது நெடுங்கால மரபு. அந்தக் கதவு எப்போதாவதுதான் திறக்கும். கொலராடோவில் பெனா ரோட்ரிகஸ் என்பவர் மீதான பாலியல் சீண்டல் வழக்கில், தீர்ப்புக்குப் பிறகு இரண்டு ஜூரர்கள் வழக்கறிஞரிடம் வந்து ஒன்றைச் சொன்னார்கள். முன்பு காவல் பணியில் இருந்த ஒரு ஜூரர், அவர் மெக்சிகோக்காரர், அதனால் செய்துதான் இருப்பார் என்று உள்ளே வாதாடியிருக்கிறார். சம்பவ நேரத்தில் ரோட்ரிகஸ் வேறிடத்தில் இருந்தார் என்று சொன்ன சாட்சியைச் சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்று சொல்லித் தள்ளியிருக்கிறார். உண்மையில் அந்தச் சாட்சி சட்டப்படி வசிப்பவர். 2017-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில், இனவெறி இப்படி வெளிப்படையாகப் பேசப்பட்டால் மட்டும் ரகசிய மரபுக்கு விதிவிலக்கு உண்டு என்றது.

ஆனால் பெரும்பாலான ஜூரி அறைகளில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பேசாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதை அறிய, பொருளியலாளர்கள் ஷாம்னா அன்வர், பாட்ரிக் பேயர், ராண்டி ஹால்மர்சன் மூவரும் ஃபுளோரிடாவின் இரண்டு மாவட்டங்களில் 2000 முதல் 2010 வரை நடந்த எழுநூறுக்கும் மேற்பட்ட விசாரணைகளை ஆராய்ந்தார்கள். அன்றன்று அழைக்கப்படும் பட்டியலில் யார் யார் இருப்பார்கள் என்பது குலுக்கலைப் பொறுத்தது. எனவே வழக்குக்கும் பட்டியலுக்கும் தொடர்பில்லை. பட்டியலில் கறுப்பினத்தவர் ஒருவருமே இல்லாத நாள்களில் குற்றம்சாட்டப்பட்ட கறுப்பினத்தவர்களில் 81 சதவீதமும் வெள்ளையர்களில் 66 சதவீதமும் தண்டிக்கப்பட்டார்கள். ஒருவராவது இருந்த நாள்களில் அது முறையே 71, 73 என்று மாறியது. ஒரே ஓர் ஆள் பட்டியலில் இருந்ததே அந்த இடைவெளியை அழித்துவிட்டது.

அந்த ஓர் ஆள் என்ன செய்கிறார்? சோமர்ஸ் மிச்சிகன் மாநிலத்தில் ஆறு பேர் கொண்ட மாதிரி ஜூரிகளை அமைத்துப் பார்த்தார். கறுப்பினத்தவர் ஒருவர் மீதான வழக்கின் காணொளியைக் காட்டி விவாதிக்கச் சொன்னார். இரு இனத்தவரும் கலந்த ஜூரிகள் அதிக நேரம் பேசின. அதிகத் தகவல்களை எடுத்துப் பேசின. தவறுகள் குறைவாக இருந்தன. கறுப்பின ஜூரர்கள் புதுக் கருத்துகளைக் கொண்டுவந்தது மட்டும் இதற்குக் காரணமில்லை. அவர்களோடு உட்கார்ந்திருந்த வெள்ளையர்களே கூடுதல் கவனத்தோடு, கூடுதல் துல்லியத்தோடு பேசினார்கள். விவாதம் தொடங்கும் முன்பே, கலந்த குழுவில் இருந்த வெள்ளையர்கள் குற்றவாளி என்று முடிவெடுப்பது குறைந்திருந்தது. தன்னை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தவர், தான் சொல்லப்போவதை ஒரு முறை தனக்குள் சரிபார்த்துக்கொள்கிறார்.

சோமர்ஸும் பேராசிரியர் ஃபீப் எல்ஸ்வொர்த்தும் முன்பே கண்ட ஒன்றும் இதோடு பொருந்துகிறது. வழக்கில் இனம் ஒரு பிரச்சினை என்று வெளிப்படையாகத் தெரிந்தால் வெள்ளை ஜூரர்கள் எச்சரிக்கையாகி, சமமாக நடத்துகிறார்கள். இனம் பற்றிய பேச்சே எழாத சாதாரண வழக்கில்தான் சறுக்குகிறார்கள். நாங்கள் நிறம் பார்ப்பதில்லை என்ற பொதுவான மௌனம் நடுநிலை தருவதற்குப் பதிலாகச் சார்புக்கு இடம் தருகிறது.

எதிர்வாதத்தையும் கேட்போம்

ஜூரிகள் எல்லாமே இனவெறிக் கூட்டங்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அநியாயம். மாதிரி ஜூரி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இனச் சார்பு உண்டு, ஆனால் சராசரியாக அதன் அளவு சிறிது என்கிறார்கள். சான்று வலுவாக இருந்தால் பெரும்பாலான ஜூரர்கள் அதன்படியே நடக்கிறார்கள். ஹாரி கால்வன், ஹான்ஸ் ஸைசல் இருவரும் 1966-இல் வெளியிட்ட ஜூரி ஆய்விலேயே, சான்றுகள் இரு பக்கமும் சமமாக நிற்கும்போதுதான் ஜூரர்களின் சொந்த உணர்வுகள் தலைதூக்குகின்றன என்று எழுதினார்கள். அந்தச் சிறிய அளவு, சந்தேகம் நிறைந்த வழக்குகளில்தான் போய்க் குவிகிறது. நிரபராதிகள் மாட்டிக்கொள்வதும் அப்படிப்பட்ட வழக்குகளில்தான்.

இங்கிலாந்தின் அனுபவமும் கவனிக்க வேண்டியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் செரில் தாமஸ் 2010-இல் வெளியிட்ட விரிவான ஆய்வில், முழுக்க வெள்ளையர்களால் ஆன ஜூரிகள்கூடச் சிறுபான்மையினருக்கு எதிராகப் பாகுபாடு காட்டியதற்குச் சான்று கிடைக்கவில்லை. அங்கே காரணமின்றி விலக்கும் உரிமை 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எடுக்கப்பட்டுவிட்டது. ஜூரி பெரும்பாலும் குலுக்கலில் வந்தபடியே அமர்கிறது. சார்பு என்பது மனித இயல்பின் மாறாத விதி இல்லை, அமைப்பை மாற்றினால் விளைவும் மாறக்கூடும் என்ற நம்பிக்கையை இது தருகிறது.

ஜூரியை ஒழித்துவிட்டு நீதிபதியிடமே விட்டால் என்ன என்று இந்திய வாசகர்களுக்குத் தோன்றலாம். இங்கே நடந்ததும் அதுதான். கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, பதக்கங்கள் மின்னும் கடற்படைச் சீருடையில் வந்து நின்ற நானாவதி என்ற அதிகாரியை 1959-இல் பம்பாய் ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றமற்றவர் என்றது; பின்னர் உயர் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது. ஆனால் நீதிபதிகளும் மனிதர்களே. ஐரீன் பிளேர் குழுவினர் 2004-இல் ஃபுளோரிடாக் கைதிகளை ஆராய்ந்தபோது, ஒரே மாதிரிக் குற்றப் பின்னணி கொண்ட கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் நீதிபதிகள் ஏறத்தாழச் சமமான தண்டனையே தந்திருந்தார்கள். ஆனால் ஒவ்வோர் இனத்துக்குள்ளும், ஆப்பிரிக்க முகச்சாயல் அதிகம் உள்ளவர்கள் சில மாதங்கள் கூடுதலாகப் பெற்றிருந்தார்கள். கவனிக்கத் தெரிந்த சார்பை அவர்கள் அடக்கிக்கொண்டார்கள். கவனிக்கத் தெரியாதது தப்பி வந்துவிட்டது.

நமக்கு அருகிலும்

இனத்துக்கேற்ற ஜூரி என்பது நம் மண்ணிலும் ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. 1883-இல் இந்திய நீதிபதிகள் ஐரோப்பியர்களை விசாரிக்க வழிசெய்யும் இல்பர்ட் மசோதா வந்தபோது, வெள்ளையர்கள் பெரும் கிளர்ச்சி செய்தார்கள். முடிவில் அடுத்த ஆண்டு ஏற்பட்ட சமரசம், பாதிப் பேராவது ஐரோப்பியரோ அமெரிக்கரோ உள்ள ஜூரியைக் கேட்கும் உரிமையை அவர்களுக்கு அளித்தது.

இலங்கையில் உயர் நீதிமன்றங்களில் ஜூரி முறை தொடர்ந்துவந்தது. ஏழு பேர் கொண்ட அந்த ஜூரியை எந்த மொழி பேசுவோரிடமிருந்து எடுப்பது என்பதைத் தெரிவு செய்யும் வாய்ப்பு குற்றம்சாட்டப்பட்டவருக்கு உண்டு. 1996 பிப்ரவரியில் திருகோணமலை மாவட்டம் குமாரபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, 2016 ஜூலையில் அங்குள்ள ஜூரி முன்னாள் படையினர் ஆறு பேரையும் விடுவித்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு அவருடைய பாதுகாவலரான சிங்களக் காவலரும் இறந்தார். அந்த வழக்கில் ரவிராஜ் குடும்பத் தரப்பின் ஆட்சேபத்தை மீறிச் சிங்கள மொழி ஜூரி அமைக்கப்பட்டது. 2016 டிசம்பர் 24 அதிகாலையில் கடற்படையினர் உள்ளிட்ட ஐந்து பேரும் விடுவிக்கப்பட்டார்கள்.

அந்த ஏழு பேரின் மனதில் என்ன இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கொல்லப்பட்டவரின் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர்கூட இல்லாத குழு, அந்தச் சமூகத்தின் நம்பிக்கையைப் பெறவே முடியாது. குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தன் மொழியில் விசாரணை கேட்கும் உரிமை நியாயமானதுதான். அந்த உரிமை, பாதிக்கப்பட்டவரின் சமூகத்தையே அறைக்கு வெளியே நிறுத்தும் கருவியாக மாறும்போது, தீர்ப்பு சரியாக இருந்தாலும் நீதி நடந்ததாகக் கொள்ள மாட்டார்கள்.

நோக்கத்தைத் தேடுவதை விடுங்கள்

மாற்றம் தொடங்கிவிட்டது. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2018-இல் கொண்டுவந்த விதிப்படி, ஜூரரை விலக்கியவரின் நோக்கத்தை யாரும் நிரூபிக்க வேண்டாம். விலக்கியதில் இனம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நடுநிலையான ஒரு பார்வையாளருக்குத் தோன்றினாலே அது செல்லாது. குற்றம் மலிந்த பகுதியில் வசிப்பது, காவல்துறை மீது நம்பிக்கை இல்லாதது போன்ற பழைய சாக்குகள் தொடக்கத்திலேயே ஐயத்துக்குரியவையாகக் கொள்ளப்படும். கலிஃபோர்னியாவும் இதே வழியில் சட்டம் இயற்றியது. அரிசோனா இன்னும் முன்னே போய், 2022 ஜனவரி முதல் காரணமின்றி விலக்கும் உரிமையையே ஒழித்துவிட்டது. கனடாவில் கோல்ட்டன் பூஷி என்ற பழங்குடி இளைஞரைச் சுட்ட விவசாயி 2018-இல் விடுவிக்கப்பட்டார். ஜூரித் தேர்வில் பழங்குடித் தோற்றம் கொண்டவர்கள் விலக்கப்பட்டது பெரும் கொந்தளிப்பை எழுப்பியது. அடுத்த ஆண்டே அந்நாடு இந்த உரிமையை நீக்கியது.

ஒருமனதான தீர்ப்பும் முக்கியம். 12 பேரும் ஒத்துக்கொள்ளாமலே தண்டிக்கலாம் என்ற விதியை லூசியானா 1898-இல் கொண்டுவந்தது. வெள்ளையர் ஆதிக்கத்தை நிலைநிறுத்துவதே நோக்கம் என்று அன்றைய மாநாட்டில் வெளிப்படையாகவே பேசினார்கள். ஜூரிக்குள் வந்துவிட்ட ஓரிரு கறுப்பினத்தவரின் வாக்கைச் செல்லாததாக்கும் ஏற்பாடு அது. கடுமையான குற்றங்களில் ஒருமனதான முடிவு கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது.

இன்னும் எஞ்சியிருப்பது அதிகம். கூலி வேலையை விட்டுவிட்டு வாரக்கணக்கில் ஜூரியில் உட்கார ஏழைகளால் முடியாது. கூட்டாட்சி நீதிமன்றத்திலேயே ஒரு நாளைக்குத் தருவது 50 டாலர்தான். பல மாநிலங்களில் ஒருமுறை பெருங்குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர் ஜூரியில் அமர முடியாது. காவல்துறையின் கண் எந்தச் சமூகத்தின் மீது அதிகம் படுகிறதோ, அந்தச் சமூகம் ஜூரியிலிருந்தும் கழிக்கப்படுகிறது. பிறகு அந்தச் சமூகத்தின் இளைஞர்களை அவர்களை அறியாதவர்கள் விசாரிக்கிறார்கள். சியாட்டிலில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஜூரர்களுக்கு அறியாச் சார்பு பற்றிய காணொளியைக் காட்டத் தொடங்கியிருப்பது நல்ல செயல்தான். ஆனால் சில நிமிடக் காணொளியால் வாழ்நாள் முழுக்க ஊறியதைக் கழுவிவிட முடியாது. மற்றவர்களின் வாழ்க்கையை அறிந்த ஒருவர் பக்கத்து இருக்கையில் இருப்பதற்கு ஈடாக அது ஆகாது.

நீதியைக் காப்பாற்ற நல்ல மனிதர்களைத் தேடுவது இயலாத காரியம். நல்ல மனிதர்களும் முகத்தைப் பார்த்துத் தவறுகிறார்கள் என்பதுதான் இந்த ஆய்வுகள் தரும் பாடம். நாம் செய்யக்கூடியது, தவறு நடந்தால் உடனே இன்னொருவர் கேள்வி கேட்கும்படி அறையை அமைப்பது. குலுக்கலில் வந்தவர்களை அப்படியே அமர விடுங்கள். அவர்கள் அமர்வதற்கான செலவை அரசே ஏற்கட்டும். இனம் பற்றி வெளிப்படையாகப் பேச நீதிபதி அனுமதிக்கட்டும். யாருடைய உள்மனதையும் சோதிக்காமலே இவை அனைத்தையும் செய்துவிட முடியும். செய்யாமல் விட்டால், அடுத்த முறை ஓர் ஊரில் ஒரு முகம் தவறாகத் தண்டிக்கப்படும்போது, தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லும் உரிமை சட்டத்துக்கு இருக்காது.